ஒரு டம்ளர் மைதாவின் எடை

எலியாவிளையில் ஒரு டம்ளர் மைதா நூற்றிருபத்தைந்து கிராம் என்பதை ஊரார் ஒப்புக்கொள்வதற்கே மூன்று கிறிஸ்துமஸ் போயிற்று. அதே டம்ளரில் சீனியை நிரப்பினால் இருநூறு கிராம் ஆகிவிடும் என்பதைப் பாதிப்பேர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கனகபுஷ்பத்தின் டம்ளரில் இருந்த மைதா நாற்பத்தாறு கிலோ என்பதை மட்டும் ஊர் ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்டு, பழகி, அதற்கு ஒரு வழியும் பண்ணிவிட்டது. ஊர் என்றால் சும்மாவா.

அந்த ஊர் வழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். டிசம்பர் பிறந்துவிட்டால் எலியாவிளைப் பெண்கள் மைதாவும் சீனியும் வெண்ணெயும் முட்டையும் ஒயர் கூடையில் எடுத்துக்கொண்டு பொன்சிங்கின் சாலேம் பேக்கரிக்குப் போவார்கள், அவன் அதை அடித்துக் கலக்கி, தன் அடுப்பில் வைத்து, அந்தந்த வீட்டுக் கேக்கை அந்தந்த வீட்டுக்கே கொடுப்பான், கூலி மட்டும் வாங்கிக்கொள்வான். அளவு டம்ளர் அளவுதான். அந்த டம்ளரும் கண்ட டம்ளர் இல்லை. வீட்டின் மூத்த பெண்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் அன்று ஞானத்தாய் வாங்கிக் கொடுக்கிற எவர்சில்வர் டம்ளர், வயிற்றில் பிள்ளையின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பெயர்தான் வீட்டுக்கு வீடு வேறு, கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு டம்ளர் மைதாவுக்கு ஒரு டம்ளர் சீனி, ஒரு டம்ளர் வெண்ணெய், நாலு முட்டை என்று போட்டால் எடை தெரியாமலேயே கேக் கேக்காகவே வந்தது.

பொன்சிங்தான் புதிதாக ஒரு கலவை எந்திரத்தை வாங்கிவந்து இந்த நிம்மதியைக் கெடுத்தான். அதற்கு டம்ளர் தெரியாது, கிராம்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு வீட்டு டம்ளரையும் அவன் மின்தராசில் வைத்து, மாவுக்கு எவ்வளவு, சீனிக்கு எவ்வளவு என்று மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது, அங்கேதான் வம்பு தொடங்கிற்று.

"அதெப்படி பொன்சிங்கு, ஒரே டம்ளரு மாவுக்கு ஒண்ணும் சீனிக்கு ஒண்ணும் காட்டும்? உள்ள என்ன கெடக்குன்னு ஒன் தராசுக்குக் கண்ணு தெரியுதோ?" என்று கேட்டாள் மண்டிக்கார வீட்டு ரோஸ்மேரி.

"மாவு பொசுபொசுன்னு காத்தோட இருக்கும் மைனி. சீனி அடைஞ்சு கெடக்கும். எடம் ஒண்ணுதான், கனம் வேற."

"எடம் ஒண்ணுன்னா கனமும் ஒண்ணுதான். எங்க வீட்டுல வந்து ஒன் வேதாந்தத்தச் சொல்லாத."

இப்படித்தான் மூன்று வருஷம் ஓடியது. நான்காம் வருஷம் கனகபுஷ்பம் தன் கூடையோடு வந்தாள்.

கனகபுஷ்பம் அருமைநாயகத்தின் பெண்சாதி. அவளுக்கு ஒரே பிள்ளை, எப்சிபா. பத்தொன்பது வயது, நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், சிரித்தால் ஈறு தெரியும், அதை மறைக்கக் கையை வாயில் வைத்துக்கொண்டே சிரிப்பாள். போன ஆடியில் அவள் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பையனோடு பஸ் ஏறப் பார்த்தாள். பையன் வேறு தெருக்காரன். வேறு தெரு என்றால் என்னவென்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரியப்பா செல்வநாயகம் அவளை பஸ் ஸ்டாண்டிலிருந்தே தன் ஜீப்பில் ஏற்றினார், அருமைநாயகம் முன்னால் உட்கார்ந்துகொண்டான், ஜீப் கடைவீதி வழியாக ஆளில்லாத செம்மணல் தேரிப் பக்கம் போனது. போனதை எல்லாரும் பார்த்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்ததையும் பார்த்தார்கள். பின்னால் யாரும் இல்லை. டயரெல்லாம் சிவப்பு மணல். செல்வநாயகம் இறங்கி, மேல்துண்டை உதறிவிட்டு, "பிள்ளைய பம்பாய்க்கு ரயிலேத்திட்டோம். அங்கன ஆஸ்பத்திரில வேல சொல்லி வச்சிருக்கு" என்றார்.

தேரியில் ரயில் ஏது என்று யாரும் கேட்கவில்லை. செல்வநாயகம் சபைக் கமிட்டிச் செயலர், லாரி வைத்திருப்பவர், கல்யாணமோ சாவோ அவர் பந்தல்தான் ஊரில் நிற்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோதே ஒருத்தி கனகபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்சிபா எப்படி இருக்கா?" என்று கேட்டாள். அதற்கடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு பேர். பம்பாய் போய்வந்த ஒருவன், "தாதர் ஸ்டேஷன்ல பாத்தேன் மைனி, நல்லா சதை போட்டிருக்கா" என்றான். இன்னொருத்தி அவள் இந்தி பேசுவதைக் கேட்டதாகச் சொன்னாள். பொய்யை ஒருவன் சொன்னால் பாவம். ஊரே சேர்ந்து சொன்னால் அது செய்தி. கனகபுஷ்பம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பாள், பதில் சொல்லமாட்டாள்.

அவள் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். எலியாவிளையில் யார் செத்தாலும் கோயில் மணியை நிறுத்தி நிறுத்தி அடிப்பார்கள், அடிக்கும்போது சந்தையானாலும் சண்டையானாலும் நின்றுவிடும், கேட்டவர் எல்லாம் எழுந்து நிற்பார்கள். அந்த மணியைத் தன் பிள்ளைக்கு அடிக்கவேண்டும் என்று அவள் கேட்டாள். மணியடிக்கிற யாக்கோபு தலையைக் குனிந்துகொண்டு, "கமிட்டி சொல்லாம கயித்தத் தொட முடியாது மைனி" என்றான். போதகர் பரிவோடுதான் பேசினார். "உயிரோட இருக்கிற பிள்ளைக்குச் சாவுமணி அடிச்சா தோஷம்மா. பம்பாயில இருக்கிறவளுக்காக ஜெபம் பண்ணுவோம்" என்றார். ஜெபமும் பண்ணினார். தூரதேசத்தில் இருக்கும் எங்கள் சகோதரியை உமது செட்டைகளின் நிழலில் காத்தருளும் என்று அவர் சொல்ல, ஊரே ஆமென் என்றது. அருமைநாயகமும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் என்றான்.

டிசம்பரில் கனகபுஷ்பம் வழக்கம்போலவே, பழக்க தோஷத்தால் என்றுகூடச் சொல்லலாம், எப்சிபா என்று பெயர் வெட்டிய டம்ளரில் மைதாவை அள்ளி, விரலால் தலையை வழித்துச் சமன் செய்து, கூடையில் வைத்து, அரை மைல் நடந்து பேக்கரிக்கு வந்தாள். வழியில் அவளுக்குக் கை வலிக்கவில்லை. பெற்றவளுக்கு அந்தப் பாரம் தெரியவில்லை.

பொன்சிங்குக்குத் தெரிந்தது. அவன் டம்ளரை எடுக்கக் கை நீட்டினான், டம்ளர் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான், அப்போதும் வரவில்லை. கனகபுஷ்பமே எடுத்துத் தராசில் வைத்தாள்; தூங்கிப்போன வளர்ந்த பிள்ளையைத் திண்டிலிருந்து தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறவளைப் போல இடுப்பைக் கொஞ்சம் வளைத்து, ஒரு கையை அடியில் கொடுத்து வைத்தாள். தராசு கீச்சென்று கத்தி, முகத்தில் எண்ணே இல்லாமல் இருண்டது.

"யக்கா, இதுல என்னத்தப் போட்டுக் கொண்டாந்திய?"

"மைதாதான்."

பொன்சிங் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். மைதாதான். ரோஸ்மேரி வீட்டுக் கருப்பட்டி மண்டியில் மூட்டை போடுகிற பெரிய தராசு இருந்தது, இரண்டு சுமைக்காரர்கள் டம்ளரை மூச்சுப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் அதில் வைத்தார்கள். நாற்பத்தாறு கிலோ. மாவை வேறு பாத்திரத்தில் கொட்டினார்கள், அந்தப் பாத்திரம் நாற்பத்தாறு கிலோ ஆயிற்று. திரும்ப டம்ளரில் கொட்டினார்கள், டம்ளர் நாற்பத்தாறு. அதே கடையில் வாங்கிய அதே மைதாவை ரோஸ்மேரி தன் வீட்டு டம்ளரில் அள்ளி வைத்தாள், நூற்றிருபத்தைந்து கிராம்.

யாருக்கும் இதில் பெரிய ஆச்சரியம் வரவில்லை. வந்த கவலையெல்லாம் கணக்குக் கவலை. நாற்பத்தாறு கிலோ மாவுக்கு எழுபத்துமூன்றரை கிலோ சீனி போட வேண்டுமே, முட்டைக்கு எங்கே போவது, இத்தனை பெரிய தகரம் எங்கே கிடைக்கும் என்று பொன்சிங் நெற்றியைத் தேய்த்தான். "கனம்தானே கூட, எடம் ஒரு டம்ளருதான? ஒரு டம்ளரு சீனிதான் போடணும்" என்றார் ஒருவர். "மூணு வருஷமா எடம் முக்கியமில்ல, கனம்தான் முக்கியம்னு இவன்தான சொன்னான், இப்ப அனுபவிக்கட்டும்" என்றாள் ரோஸ்மேரி. கூட்டம் சிரித்தது. கனகபுஷ்பம் மட்டும் தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வைகாசியில் கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். எப்சிபாவை எடை போட்ட டாக்டரம்மா, "நாப்பத்தாறுதான் இருக்கே, இந்தப் பொண்ணு இன்னும் தேறணும்" என்று சொல்லி ஒரு டானிக் கொடுத்தாள். அந்த டானிக் இன்னும் பாதி அலமாரியில் இருந்தது.

"எம் பிள்ள" என்றாள் கனகபுஷ்பம். சத்தமாகத்தான் சொன்னாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை மெதுவாக, ஒருவர் பின் ஒருவராக, வேறு பேச்சுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அவள் அந்த டம்ளரைக் கீழே வைப்பது அபூர்வம். மத்தியான வெயிலில் வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொள்வாள், தொடை மரத்துப்போகும், மரத்துப்போவது அவளுக்குப் பிடித்திருந்தது. பிள்ளை பத்தாம் வகுப்புப் படிக்கையில் காய்ச்சலில் இப்படித்தான் தலையோடு உடம்பையும் மடியில் போட்டுக்கொண்டு கிடந்தாள். அப்போது "எந்திட்டி, காலு கடுக்கு" என்று தள்ளிவிட்டிருந்தாள் கனகபுஷ்பம். இப்போது தள்ளவில்லை. வெள்ளைப் புடவை மடிப்பில் மாவு உதிர்ந்தால் அதையும் விரலால் ஒற்றி எடுத்து டம்ளருக்குள் போடுவாள்.

ஊர் வேடிக்கை பார்க்க வந்தது, பார்த்தது, பழகியது. பிள்ளைகள் தூக்கிப் பார்ப்போமா என்று பந்தயம் வைத்தார்கள். வாலிபர் சங்கத்தில் ஒருவன் முழங்கால் வரை தூக்கிவிட்டு ஒரு வாரம் இடுப்பில் தைலம் தேய்த்தான். சாட்சியாக வந்த டம்ளர் என்று ஒருவர் பேச்சை எடுத்தார், எடுத்த வேகத்திலேயே பெண்சாதி கண்ணைக் காட்ட உட்கார்ந்துவிட்டார். ரோஸ்மேரியின் புருஷனோ கையில் துண்டோடு கனகபுஷ்பத்திடம் வந்து, "மைனி, கோவிச்சுக்காதிய, நம்ம மண்டித் தராசு சரியா இருக்கான்னு பாக்க ஒரு படிக்கல்லு வேணும், ஒங்க டம்ளரு மாறவே மாட்டேங்கு, அர மணி நேரம் குடுங்க" என்று கேட்டான். பம்பாயில் சதை போட்டவள் டம்ளரில் மட்டும் நாற்பத்தாறிலேயே நின்றது ஊருக்கு வசதியாகத்தான் இருந்தது. கனகபுஷ்பம் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனாலும் ஒரு உறுத்தல் இருக்கத்தான் செய்தது. அந்த டம்ளர் இருக்கும் தெருவில் யாரும் பம்பாயைப் பற்றிப் பேசுவதில்லை. அருமைநாயகம் சாப்பாட்டைக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். செல்வநாயகத்துக்கு இது பிடிக்கவில்லை. அவர் தன் செலவில் மதுரையிலிருந்து பெரிய மின்தராசு ஒன்றை வரவழைத்து, 'உபயம்: செ. செல்வநாயகம் குடும்பத்தார்' என்று சிவப்பு மையில் எழுதச் செய்து, பேக்கரிக்கு இனாமாகக் கொடுத்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையே பேக்கரி வாசலில் கூடியிருக்க, போதகர் ஜெபித்து முடிக்க, செல்வநாயகம் டம்ளரைக் கொண்டுவரச் சொன்னார். கனகபுஷ்பமே கொண்டுவந்து வைத்தாள். தன் பிள்ளையின் எடையை ஊர் முன்னால் இந்த மனுஷனே படிக்கப்போகிறான் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

தராசு 46.000 என்றது. செல்வநாயகம் மோதிர விரலை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். 0.000 என்றது.

"பாத்தியளா?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "பாத்திரத்தோட கனத்தக் கழிக்கதுக்குன்னே கம்பெனிக்காரன் வச்சிருக்கான். இத அமுக்கிட்டு அப்பறம் எதப் போட்டாலும் போட்டதுதான் காட்டும். பொன்சிங்கு, ஒரு டம்ளரு மாவு மேல போடு."

பொன்சிங் தராசின் மேல் அந்த டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தை விரித்து, வேறொரு டம்ளரில் அளந்த மாவைக் கொட்டினான். 0.125.

"ஒரு டம்ளரு மைதா நூத்தி இருவத்தஞ்சு கிராம். அருமை வீட்டுக்கும் அதேதான், எல்லா வீட்டுக்கும் அதேதான். இதுக்குப் போயி இத்தன நாளு!" என்றார் செல்வநாயகம்.

ஊர் மூச்சுவிட்ட சத்தம் கேட்டது. சிலர் கைதட்டினார்கள். பொன்சிங் காகிதத்தை மாவோடு எடுத்துக்கொண்டான், கனகபுஷ்பம் தன் டம்ளரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தூக்கியதும் வெறுந்தராசு மைனஸ் நாற்பத்தாறு காட்டியது. அவள் ஒருத்திதான் அதைப் பார்த்தாள் என்றால் பொய், எல்லாரும் பார்த்தார்கள். பிறகு ரோஸ்மேரி செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தராசில் ஏறி நின்று, "ஏட்டி, நான் முப்பத்தெட்டு கிலோட்டி!" என்று கத்த, பெண்கள் வரிசை கட்டி ஏறி, தங்கள் உடம்பில் நாற்பத்தாறு கிலோ குறைந்துபோனதைக் கண்டு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீடு திரும்புகையில் கனகபுஷ்பத்துக்கு வயிறு எரிந்தது. பிள்ளையைக் கொன்றவர்கள் மேல்கூட அவளுக்கு அப்படி எரிந்ததில்லை.

மறுநாள் காலையில் அவள் பொன்சிங்கிடம் வந்தாள்.

"எனக்கும் கேக்கு அடிச்சுக் குடு. அசனத்துக்கு எங்க வீட்டுக் காணிக்க."

அசனம் என்பது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கோயில் வளாகத்தில் நடக்கும் பொது விருந்து. ஒவ்வொரு வீடும் ஏதாவது கொடுக்கும், எல்லாம் ஒரே பந்தியில் பரிமாறப்படும், அசனத்தில் வைத்ததை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. பகையாளி வீட்டுக் குழம்பானாலும் தொட்டு நாக்கில் வைத்தாக வேண்டும்.

பொன்சிங் அவளைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான். "பொத்தான அமுக்கித்தான் எடை போடுவேன் யக்கா. அவுக தந்த தராசு."

"நீ எதையும் அமுக்க வேண்டாம். எடையும் போட வேண்டாம். பழையபடி டம்ளருக்கு டம்ளரு போடு."

அவன் நல்லவன்தான், நல்லவனாக இருப்பதற்கும் ஒரு எல்லை வைத்திருந்தான், அவ்வளவுதான். அந்த எல்லை சபைக் கமிட்டியின் வாசலில் முடிந்தது. ஆனால் கேக் அடிக்கமாட்டேன் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தைச் சொல்ல அவனுக்கு வாய் வராது. மாவைக் கொட்டியதும் எந்திரம் இரண்டு சுற்றுச் சுற்றி, முனகி, புகைந்து நின்றது. கனகபுஷ்பம் முந்தானையைச் செருகிக்கொண்டு அண்டாவுக்கு முன் உட்கார்ந்து தன் கையாலேயே அடித்தாள், வெண்ணெயும் சீனியும் மாவும் முட்டையும் ஒன்றாகிற வரைக்கும், தோள் இறங்கிப்போகிற வரைக்கும் அடித்தாள். அடிக்கும்போது அவள் மனசில் இருந்தது இதுதான்: இத்தனை நாள் நான் ஒருத்தி சுமந்தேன், இனி நீங்களும் சுமங்கள்; வயிற்றில் போட்டுக்கொண்டு சுமங்கள்; உங்களை அது உட்காரவிடாது, நிற்கவிடாது, கடைசியில் யாராவது ஒருவன் தாங்கமாட்டாமல் வாயைத் திறந்து சொல்லியே ஆகவேண்டும், சொன்னால் மணி அடித்தே ஆகவேண்டும். பொன்சிங் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கேக் அழகாக எழும்பி வந்தது, சாதாரண வட்டத் தகரத்தில், சாதாரணக் கேக்கு.

அசனத்தன்று அந்தத் தகரத்தைச் சுமைக்காரர்கள் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கோயில் வளாகத்துச் செம்மணலில் சக்கரம் நாலு விரற்கடை அழுந்தி, வரிசை நெடுகத் தடம் விழுந்தது. சோறும் ஆட்டுக்கறியும் முடிந்து இலையை மடிக்கும் முன்னால் கேக் வந்தது, நகத்தளவு நகத்தளவாக வெட்டியிருந்தார்கள், ஒவ்வொரு துண்டையும் பரிமாறுகிறவன் வண்டியிலிருந்தே எடுத்து இலையில் வைத்தான்.

"எப்சிபா டம்ளரு கேக்கு" என்று கனகபுஷ்பம் ஒவ்வொரு இலைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பந்தியில் யாரும் துண்டைத் தொடவில்லை. தின்னமாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேள்வி வரும். ஏன் என்றால், அது வெறும் மாவு இல்லை என்றாகும். வெறும் மாவு இல்லை என்றால் தேரி என்றாகும். எல்லாரும் செல்வநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் தன் துண்டை எடுத்து, உயரத் தூக்கிக் காட்டி, வாயில் போட்டு, மென்று விழுங்கி, "ஏலக்கா கொஞ்சம் தூக்கல், மத்தபடி நல்லாருக்கு" என்றார். உடனே ஊரே தின்றது. போதகர் தின்றார், யாக்கோபு தின்றான், ரோஸ்மேரியும் புருஷனும் தின்றார்கள், தாதர் ஸ்டேஷனில் பார்த்தவன் தின்றான். அருமைநாயகம் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பெண்சாதியை ஒருமுறை பார்த்தான். பிறகு அவனும் தின்றான். பொன்சிங் கடைசி இலையில் உட்கார்ந்து தின்றான். கனகபுஷ்பம் தின்னவில்லை, அது அவர்கள் சுமக்க வேண்டியது.

அவள் பந்தலின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று காத்திருந்தாள். ஒரு பெஞ்சு முறியும் என்று காத்திருந்தாள். எழுந்திருக்க முடியாமல் ஒருவன் மணலில் உட்கார்ந்து, ஐயோ நான் பார்த்தேனே என்று தலையில் அடித்துக்கொள்வான் என்று காத்திருந்தாள். பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். பெரியவர்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்தார்கள். வயதான ஒருவர் எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றார், அவ்வளவுதான், அவர் போன வருஷமும் அப்படித்தான் நின்றார். யாக்கோபு போய் விருந்து முடிந்த மணியை அடித்தான், கலகலவென்று, பண்டிகை மணி. தட்டுகளைப் பெண்கள் கழுவினார்கள். அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று கேக் தகரத்தையும் டம்ளரையும் சேர்த்தே சாம்பல் போட்டுத் துலக்கி, ஒரு துணுக்கு ஒட்டாமல் பளபளவென்று அவள் கையில் கொடுத்தார்கள்.

கனகபுஷ்பம் அந்த டம்ளரை வீட்டுக்கு எடுத்துப்போய் மைதாவை நிரப்பினாள். விரலால் தலையை வழித்தாள். தூக்கினாள். கை சட்டென்று மேலே வந்துவிட்டது. கனம் இருக்கும் என்று நினைத்துத் தூக்கிய வேகத்தில் மாவு பாதி முகத்தில் கொட்டியது. மறுபடி நிரப்பி, பேக்கரிக்கு ஓடி, பொன்சிங்கின் முன்னால் வைத்தாள்.

"எடை போடு."

அவன் டம்ளரின் எடையைக் கழித்துவிட்டுப் போட்டான். 0.125.

"சரியா இருக்கே யக்கா" என்றான்.

"எம் பிள்ள எங்கலே?"

பொன்சிங் கையைத் துடைத்துக்கொண்டான். கணக்கு அவனுக்குக் கைவந்தது, டம்ளரைக் கிராமாக மாற்றி மாற்றி நாலு வருஷம் பழகியவன். "பந்தில இல முந்நூத்தி அறுவத்தெட்டு" என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல். "நாப்பத்தாறு கிலோவ அத்தன பேருக்கு வகுத்தா, தலைக்கு ஒரு டம்ளரு மைதா யக்கா. நூத்தி இருவத்தஞ்சு கிராம்."

அவள் அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. ஜீப்பை ஓட்டியவனுக்கும் நூற்றிருபத்தைந்து கிராம். முன்னால் உட்கார்ந்து போன தகப்பனுக்கும் நூற்றிருபத்தைந்து கிராம். கடைவீதியில் நின்று வேடிக்கை பார்த்தவனுக்கும், ஒன்றும் அறியாமல் பந்தியில் உட்கார்ந்த நாலு வயதுப் பிள்ளைக்கும் அதே நூற்றிருபத்தைந்து கிராம். ஒரு டம்ளர் மைதாவை யார்தான் சுமக்கமாட்டார்கள்? காலையில் குடிக்கும் காப்பி அதைவிடக் கனம். அவள் ஊரை நசுக்க நினைத்துப் பாரத்தைப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டாள், பங்கு போட்டால் எந்தப் பாரமும் பாரமில்லை என்பது அந்த ஊருக்கு முன்பே தெரிந்திருந்தது, அவளுக்குத்தான் தெரியாமல் போயிற்று. எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் எப்சிபா இருந்தாள். பெற்றவளிடம் மட்டும் ஒரு கிராமும் இல்லை.

அருமைநாயகம் அன்றிலிருந்து திரும்பவும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். நன்றாகத் தூங்கினான். பேக்கரித் தராசு எல்லா வீட்டு டம்ளருக்கும் ஒரே நியாயம் சொன்னது, எந்திரத்தை ரிப்பேர் செய்தார்கள், அதற்கான செலவையும் செல்வநாயகமே ஏற்றுக்கொண்டார்.

புதுவருஷ ஆராதனை முடிந்து வெளியே வருகையில் ரோஸ்மேரி கனகபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையாகவே பிரியமாகத்தான் பிடித்தாள். பக்கத்தில் இன்னும் நாலைந்து பெண்கள் நின்றார்கள்.

"எப்சிபா எப்படி மைனி இருக்கா, பம்பாய்ல?"

கனகபுஷ்பம் ரோஸ்மேரியின் இடுப்பைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், தன்னைப் பிடித்திருந்த அந்தக் கையின் சதையைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவள் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"இருக்கா" என்றாள். "ரொம்ப எளச்சிட்டா."